சராசரி சார் போட்ட பதில்

செடியோடு பேசினால் செடி கூடுதலாக வளராது என்று ஆராய்ந்து எழுதியதுதான் தாவரவியல் மேடம் செய்த குற்றம். உலகத்தில் செடியோடு பேசுகிறவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று யார் கண்டது? செடியைக் கொஞ்சும் அதே வாயால் மேடத்தை இணையத்தில் கிழி கிழியென்று கிழித்தார்கள். ஒருவன் அவர் குடியிருக்கும் தெருவையே எழுதி, "வரேன் பாரு" என்றான். அதோடு மேடம் கல்லூரிப் பக்கம் தலைகாட்டவில்லை. இனி வகுப்பே எடுக்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

பக்கத்து அறைப் புள்ளியியல் ஆசிரியருக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'சராசரி'. அவரும் இன்னும் சில ஆசிரியர்களும் மேடத்தின் இணையக் கணக்கை முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மிரட்டல் போலீசுக்கு, வசவு குப்பைக்கு. யாருக்கும் பதில் மட்டும் போடக் கூடாது.

சராசரியும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். "என் ரோஜா ஒண்ணே போதும் ஆதாரம்" என்று ஒருவர் எழுதினாரே, அதுதான் தாங்கவில்லை. ஒற்றை ரோஜாவை வைத்து முடிவா? மேடத்தின் பெயரிலேயே நீட்டி முழக்கிப் பதில் போட்டார். போகிற போக்கில், பேச்சுச் சத்தம் செடியைக் கெடுக்கும் என்றும் அடித்துவிட்டார். பிறகென்ன, தேன்கூட்டில் கல்லெறிந்த கதைதான்.

மறுநாள் மேடத்தின் வகுப்பில் அவருக்குப் பதிலாகச் சராசரி நின்று சமாளித்துக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. மேடமேதான்.

"தங்கச்சி படிச்சுக் காட்டினா. என் பேர்ல என்னத்த சார் எழுதி வெச்சிருக்கீங்க?"

"மேடம், அது வந்து..."

"கெடுக்கும்னு நான் எப்ப சொன்னேன்? வித்தியாசமே இல்லன்னுதானே சொன்னேன்! தள்ளுங்க அந்தப் பக்கம்."

சாக்பீஸைப் பிடுங்கிப் பலகையில் இரண்டு தொட்டி வரைந்தார். "இதுகிட்ட பேசினோம், இதுகிட்ட பேசல."

"என்ன மேடம் பேசினீங்க?" என்றாள் ஒருத்தி.

"சாருக்கு இப்ப திட்டு விழுந்துச்சே, அதேதான். செடி வாடல."

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். அப்படியே பாடம் ஓடி, மணியும் அடித்தது.

கதவைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. "வெளியில யாராவது நிக்கிறாங்களா சார்?"

நிகழ்தகவு குறைவுதான் என்று சொல்ல வாயெடுத்த சராசரி அதை விட்டுவிட்டார். "தெரியல மேடம். நாங்க எல்லாரும் கூட வரோம்."

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"பயம் போகல சார்," என்றார் மேடம். "அதனால நாளைக்கும் என் வகுப்பு முடியறப்ப வந்து நில்லுங்க."