கதவோரக் கதிரை

மொன்ட்ரியால் நகரத்து லாசால் பகுதியில் இருக்கிற ஜெகதீஸ்வரிக்குக் கோபம் வருவது ஊருக்குப் பழசு. மருமகனுக்காக வந்ததுதான் புதினம். மகள் சாருஜா ஹெயிட்டிக்காரரான றெனோல்டைக் கட்டியபோது, "கறுவலையோ பிடிச்சனி?" என்று கேட்டவர், யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்கு மாப்பிள்ளை டொக்டர் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

டொக்டர் இல்லை, உளவியலாளர். முன்பு நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே மற்ற உளவியலாளர்கள் நோயாளியை உள்ளுக்கு இருத்திவிட்டுக் கதவோரக் கதிரையில் தாங்கள் இருப்பார்கள். ஆள் பாய்ந்தால் ஓட வேண்டுமே. நோயாளி கறுப்பு என்றால் வாசலில் காவலாளியும் நிற்பார். றெனோல்டும் கூட வேலைசெய்த கறுப்பினப் பெண் ஷெரோனும் கதவோரக் கதிரையை நோயாளிக்குக் கொடுத்தார்கள். பயந்து வந்தவருக்குத்தான் எழும்பிப் போக வழி வேண்டும் என்றார்கள். நிர்வாகம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் ஒரு தேவாலயக் கீழ்த்தளத்தில், தங்களைப்போல அடிபட்ட கறுப்பின மனநலப் பணியாளர்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினார்கள்.

இப்போது அதே ஆஸ்பத்திரி சங்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள விழா எடுக்கிறது. றெனோல்ட் கையெழுத்து வைத்தால் புதுக் கட்டடத்தில் அறைகள். ஜெகதீஸ்வரி பட்டுச்சேலையோடு முன்வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

இயக்குநர் மேடையேறி, நோயாளியைக் கதவோரம் இருத்தும் முறை தங்கள் ஆஸ்பத்திரியின் கண்டுபிடிப்பு என்றார். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலைசெய்து பழகிய பிரெஞ்சு ஜெகதீஸ்வரிக்கு இது விளங்கப் போதும்.

"என்னடி சொல்லுறான்? கலைச்ச ஆக்களே கண்டுபிடிச்சவையாமோ?"

"சும்மா இருங்கோ அம்மா. றெனோல்ட் வாய் திறந்தா, மூர்க்கமான ஆள் எண்டு எழுதிப்போடுவினம்."

"அவர் திறக்க வேண்டாம். எனக்கு வாயில்லையோ?"

எழும்பினார். பொய் சொல்லுகிறீர்கள், இவர்களை வேலையை விட்டுக் கலைத்ததே நீங்கள்தான் என்று தனக்கு வந்த பிரெஞ்சில் மண்டபம் அதிரக் கத்தினார். மண்டபம் சிரித்தது. நல்ல துடிப்பான அம்மா என்று இயக்குநர் கைகூடத் தட்டினார்.

பிறகு ஷெரோன் எழும்பினார். "அந்த அம்மா சொன்னது உண்மை" என்றார். அவ்வளவுதான், அதுவும் பிள்ளை நித்திரையாய்க் கிடக்கிற வீட்டில் கதைப்பதுபோல மெல்ல. சுவரோரம் நின்ற காவலாளி நகர்ந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. லாசாலில் ஒருத்தராலும் மூடமுடியாத ஜெகதீஸ்வரியின் வாயும் மூடிக்கொண்டது. கத்தினவளுக்குக் கைதட்டு, கதைத்தவளுக்குக் காவல்.

மேடையில் றெனோல்ட் பேனையோடு குனிந்தவர், நிமிர்ந்து காவலாளியைப் பார்த்தார். பேனையை வைத்தார்.

"எங்களுக்கு அந்தக் கீழ்த்தளமே காணும்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு இறங்கினார். சங்கத்து ஆட்கள் எல்லாரும் எழும்பினார்கள்.

தெருவரைக்கும் காவலாளி கூட வந்தார்.

"கத்தினது நான். பிறகேன் அவவுக்குப் பின்னால வாறாய்?" என்று ஜெகதீஸ்வரி தமிழிலும் கேட்டார், பிரெஞ்சிலும் கேட்டார். மனுஷன் ஷெரோனை விட்டு விலகவில்லை.