இருபத்தேழாம் எண் கிழங்கு

சமோவாத் தீவுகளில் சேப்பங்கிழங்குத் தோட்டங்களை இலைக்கருகல் நோய் வாரிக்கொண்டு போன பிறகு, மகெரீத்தா ஏழு வருடம் பூவுக்குப் பூ மகரந்தம் தடவிப் புது ரகம் தேடினாள். நூற்றுக்கணக்கான நாற்றுகளில் தேறியது இருபத்தேழாம் எண். நோய் அதைத் தொடவில்லை. விளைச்சல் பழையதைப் போல ஒன்றரை மடங்கு. பாக்கி இருந்தது ருசிப் பரீட்சை மட்டும். அதில் தோற்றால் ஏழு வருடமும் எருக்குழிக்குத்தான்.

ஊர்ச்சாவடியில் பத்து விவசாயிகள், தேங்காய்ப்பாலோடு இரண்டு தட்டுக் கிழங்கு: ஒன்றில் இருபத்தேழு, ஒப்பிட்டுப் பார்க்க மற்றதில் பதினான்காம் எண். ‘ஒவ்வொருவரும் சுதந்திரமாக மதிப்பெண் இடுவர்’ என்று திட்டத்தில் எழுதியவள் மகெரீத்தாதான். அவளும் தலைவர் சொல்லை யாரும் தட்டாத சமோவாவின் பெண்தான். எப்படி எழுதினாளோ!

ஊர்த்தலைவர் தவுமாலோ முதலில் சாப்பிட்டார். அவர் வாயில் மிச்சமிருந்தவை நான்கு பற்கள். இருபத்தேழை மென்று பார்த்தார்.

“கல்லு.”

பத்துப் பேரும் பூஜ்யம் போட்டார்கள்.

பதினான்காம் எண் களி மாதிரி குழைந்திருந்தது. “இது கிழங்கு” என்றார் தலைவர். பத்துப் பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள்.

அதன் பிறகுதான் சாப்பாடே தொடங்கியது.

“எனெலிகோ, அந்தக் கல்லை எதுக்கு நாலாவது தடவை எடுக்கறீங்க?” என்றாள் மகெரீத்தா, பத்துப் பேரில் ஒருவரிடம்.

“கல்லுதானான்னு சரிபாக்கறேன் மேடம்.”

பந்தி முடிந்தது. மகெரீத்தா தராசை எடுத்து, மிச்சத்தை நிறுத்தாள். பதினான்கு, கொஞ்சமும் குறையவில்லை. இருபத்தேழு, வெறும் தட்டு. இரண்டையும் கொண்டுபோய்த் தலைவர் முன்னால் வைத்தாள்.

“இதை யாரு தின்னது?” என்றார் அவர்.

சிலர் வாயில் இன்னும் கிழங்கு இருந்தது.

“பன்னிங்க, ஐயா” என்றார் எனெலிகோ.

தலைவர் எனெலிகோவின் மோவாயில் வழிந்த தேங்காய்ப்பாலைப் பார்த்தார். சொன்ன சொல்லைத் தலைவர் திரும்ப வாங்குவது அந்த ஊரில் வழக்கமில்லை.

“அப்ப பன்னிக்கு நல்லதுதான். பன்னிக்கு நடுங்க.”

உடனே நாற்று வாங்க வரிசை கட்டினார்கள். எனெலிகோ இருநூறு நாற்று கேட்டார்.

“உங்ககிட்ட எத்தனை பன்னி?” என்றாள் மகெரீத்தா.

“ஒண்ணு. நல்லாத் தின்னும்.”

மகெரீத்தா, ‘இருபத்தேழாம் ரகத்தை வெளியிடலாம்’ என்று படிவத்தில் எழுதினாள். ‘யாருக்கு’ என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டாள்.

“பொண்ணு, எனக்கும் ஒரு அம்பது எடுத்து வை” என்றார் தலைவர். “எங்க வீட்டுப் பன்னிக்கு. இன்னும் ஒரு மணி நேரம் கூட வேகவச்சா அதுக்கும் மெல்ல வரும்.”