மேல் பலகையில் இரு சம்பந்திகள்

ஆவிக்குளியல் குடிலுக்குள் இருந்தவர்கள் மூவர்: அவெர்யான் பொலிகார்ப்பொவிச், அவருக்குச் சம்பந்தியாகப் போகும் தீஹன் சவேல்யெவிச், தீஹனின் மகன் ரோதியோன். வெளியே பனி முற்றத்தில் இருவர்: அவெர்யானின் மனைவி கபிதோலினா, அவர்களின் மகள், கல்யாணப் பெண் உல்யானா. வேறு யாரும் அங்கே இல்லை.

கல்யாணம் யார் ஊரில் என்பதில் இரண்டு வாரமாக இழுபறி. அவெர்யான் வீட்டுப் பெண்களின் கல்யாண விருந்து மூன்று தலைமுறையாக வேறு ஊரில் நடந்ததில்லை. தீஹனும் விடுவதாக இல்லை. கடைசியில் பந்தயம் வைத்தார்கள்: இருவரும் ஆவி அதிகம் சுடும் மேல் பலகையில் உட்கார வேண்டும், முதலில் வெளியே போகிறவர் தோற்றவர்.

ரோதியோன் பழுக்கக் காய்ந்த கற்களின்மேல் தண்ணீர் ஊற்றினான். ஆவி சீறி எழுந்து காதைக் கடித்தது.

"என்ன சம்பந்தி, குளிருதா?" என்றார் தீஹன்.

"அதானே பார்த்தேன். மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துங்க," என்றார் அவெர்யான்.

ஊற்றிய கையோடு மாப்பிள்ளை வெளியே பாய்ந்து ஓடினான். பனியில் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது.

"உங்க பையன் போயிட்டார். தோத்தாச்சு நீங்க."

"அவன் அவங்கம்மா வாரிசு. கணக்குல வராது."

ஆவிக்குளியல் வழக்கப்படி பிர்ச் மர இலைக்கொத்தால் ஒருவர் முதுகில் ஒருவர் விளாசிக்கொண்டார்கள். அவெர்யானுக்குச் சுவர்கள் மெல்லச் சுழன்றன. தீஹனின் மீசை மட்டும் தனியே மிதந்தது. முப்பது வருடம் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து சிரித்தறியாத அவெர்யான், தான் கெக்கலிப்பதைத் தானே கேட்டார்.

"சம்பந்தி, உங்க மூக்கு பீட்ரூட்டு!"

"உங்களுக்கு மூக்கு எங்க இருக்கு? முகமே பீட்ரூட்டுதான்!"

"ஏங்க, உயிரோட இருக்கீங்களா?" வெளியே கபிதோலினா கத்தினாள்.

"இருக்கோம்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்பா, ரெண்டு பேரும் வெந்துபோயிட்டா என் கல்யாணத்தை எங்க வைக்கிறது? சுடுகாட்டுலயா?" என்றாள் உல்யானா.

தீஹன் இலைக்கொத்தைக் கீழே வைத்தார்.

"சேர்ந்தே போயிடலாமா?" என்றார் தீஹன் தணிந்த குரலில்.

"சேர்ந்தேன்னா சேர்ந்தே. அரை அடிகூட முந்தக் கூடாது."

கை கோத்து இறங்கினார்கள். சூடு வெளியே போகாமலிருக்க ஒடுக்கமாக வைத்த கதவு அது, ஓராள்தான் நுழையலாம். இரண்டு தொப்பைகளும் நிலையில் சிக்கின. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி உந்தியதும் பீரங்கிக் குண்டுபோல் பிய்த்துக்கொண்டு பனிக்குவியலில் விழுந்து, புரண்டு புரண்டு சிரித்தார்கள். கபிதோலினா முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு ஆட்டுத்தோல் கோட்டுகளை வீசினாள்.

"யாரும் தோக்கலை," என்றாள் உல்யானா. "கல்யாணம் எப்படியும் ரெண்டு நாள். மொத நாள் இங்க, மறுநாள் மாமா ஊர்ல."

"மறுநாள்தானம்மா நிஜக் கூத்தே!" என்றார் தீஹன், பனியைத் துப்பியபடி.

அவெர்யானின் தோள்தான் முதலில் வெளியே வந்தது, தோற்றவர் அவரே என்று தீஹனின் ஊரில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இரண்டு தோள்களும் ஒன்றாகவே வந்தன.