காஜா போடாத சட்டை

"உங்க மனசுல இருக்கறதை அப்படியே துணியில கொட்டுங்க" என்று டீச்சர் சொன்னதும் சிடுமூஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொட்டறதுக்கு மனசு என்ன குப்பைக் கூடையா?"

பக்கத்தில் இருந்த அக்கா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை, தலையாட்டிச் சிரித்தார். அந்தப் பொறுமைதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

சிடுமூஞ்சி என்பது தையல் கம்பெனியில் வைத்த பெயர். வைத்தவள் வாயாடி. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த மெஷின். சட்டையின் அடிமடிப்பைச் சிடுமூஞ்சி தைத்து இடப்பக்கம் தள்ளுவாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்; பார்த்தால் வேகம் போய்விடும். வாயாடி அதைப் பிடித்துக் காஜா போடுவாள், அதாவது பட்டன் நுழைகிற ஓட்டை. பிடிக்கும்போதும் பேசுவாள், போடும்போதும் பேசுவாள். அந்த மழை நாளில் கம்பெனிக் கூரை இறங்கியபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

"காய்ச்சல்னு லீவு போட்டுட்டு என் கொழுந்தன் குளிக்கப் போயிருக்கான். பாத்ரூம் கதவு மாட்டிக்கிச்சு. நேரம் பார்த்து அவன் மேனேஜர் நலம் விசாரிக்க வீட்டுக்கே வந்துட்டார். உள்ளே இவன் கதவைப் போட்டு இடிக்கிறான். என் மாமியார் மேனேஜர்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா..."

அவ்வளவுதான். உத்தரம் வாயாடியின் மெஷின்மேல் விழுந்தது. சிடுமூஞ்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவள் மெஷினில் உட்காரவில்லை. மோட்டார் சத்தம் கேட்டாலே கை வெடவெடவென்று நடுங்கும். தெரிந்த ஒரே வேலை அதுதான், வேறு பிழைப்பு கிடையாது. "உன்னால மறுபடி உட்கார முடியுமா, முடியாதா? அதையாவது சொல்லித் தொலை" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அக்கா அவளை இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இழுத்து வந்திருந்தாள். கம்பெனியில் ஒரே வரிசையில் தைத்து, பிழைத்து வந்த லைன்காரிகள் எல்லாரும் சேர்ந்து துணியில் ஏதாவது செய்வார்களாம். மனசு ஆறுமாம்.

என்ன கிழித்தார்கள்? டீச்சர் வெள்ளைத் துணியும் பெயிண்டும் கொடுத்தார். அக்கா கம்பெனியில் காலர் தைக்கிறவள், காலராக வரைந்து தள்ளினாள். கை தைக்கிறவள் சட்டைக் கை வரைந்தாள், அதுவும் இடது கை மட்டும். வலது கை அவள் வேலை இல்லையாம். பூ வரையுங்கள், மரம் வரையுங்கள் என்று டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். அக்காவின் பூவுக்கும் காலர் முளைத்தது. கடைசியில் அந்தப் பொறுமைசாலிக்கே பொறுக்கவில்லை.

"சரிம்மா, சட்டையே தைங்க! அவங்கவங்க வீட்டுப் பழைய துணியைக் கொண்டு வாங்க, எல்லாம் சேர்ந்து ஒரு சட்டை. போதுமா?"

அடுத்த சனிக்கிழமை ஹாலுக்கு வாடகை மெஷின்கள் வந்தன. யாரும் சொல்லாமலே பழைய லைன் வரிசையில் போட்டுக்கொண்டார்கள். காஜா இடத்தில் ஒரு காலி நாற்காலி. மடிப்பு இடத்தில் லேபிள் தைக்கிற சின்னவள் உட்கார்ந்தாள். நூல் வெட்டுகிறேன் பேர்வழி என்று சிடுமூஞ்சி கத்தரிக்கோலோடு சுவரோரம் போய் நின்றாள்.

மோட்டார்கள் ஓடின. அவள் கை ஆரம்பித்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கக்கத்தில் அமுக்கிக்கொண்டாள். வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தவள் கண்ணில் சின்னவளின் மடிப்பு பட்டது.

"ஏய், என்னடி மடிப்பு இது? மாடு மூத்திரம் பேஞ்ச மாதிரி!"

"எனக்கு இது பழக்கமில்லக்கா..."

"பழக்கமில்லாதவ எதுக்குத் தொடறே? எழுந்திரு. எழுந்திருடி முதல்ல!"

உட்கார்ந்துவிட்டாள். தையலைப் பிரித்தாள், துணியை நீவினாள், பெடலை மிதித்தாள். பாதி தைத்த பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. துணியைக் கைவிடப் பயமாக இருந்தது, இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மடிப்பு முடிந்தது. நூலை அறுத்து, எப்போதும்போலத் திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கம் தள்ளினாள்.

சட்டை காலி நாற்காலியில் சரிந்து தரையில் விழுந்தது.

"பிடிக்க மாட்டியா, எருமை! வாய் மட்டும்..."

எல்லா மெஷினும் நின்றது.

சிடுமூஞ்சி அந்த நாற்காலியைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாதியில விட்டுட்டுப் போயிட்டாளே, படுபாவி! தினமும் வாயை மூடுடி, வாயை மூடுடின்னுதானே சொன்னேன். அந்த மாமியார் என்னதான் சொன்னாங்க? யாருக்காவது தெரியுமாடி?"

யாருக்கும் தெரியவில்லை. கை தைக்கிறவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பூனை மாட்டிக்கிச்சுன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள்.

"பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கறாங்கன்னு" என்றாள் அக்கா.

"உளறாதீங்க" என்று சிடுமூஞ்சி அழுகையோடு எரிந்து விழுந்தாள். "அந்தம்மாவைப் பத்திக் கொஞ்சமாவா கேட்டிருக்கேன்? அதுக்குப் பொய்யே வராது. 'நல்ல நேரத்துல வந்தீங்க சார், கொஞ்சம் கதவை உடைச்சுக் குடுத்துட்டுப் போங்க'ன்னு மேனேஜர்கிட்டயே சொல்லியிருக்கும்!"

சின்னவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு லைன் முழுக்கச் சிரித்தது. சிடுமூஞ்சிக்கும் அடக்க முடியவில்லை, கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்தது.

டீச்சர் சட்டையை எடுத்துத் தூசி தட்டினார். "காஜா வேணும்னா நான் கையால போடட்டுமா?"

"தொடாதீங்க டீச்சர். அது அவ வேலை."

சட்டையை வாங்கி மடித்துக் காலி நாற்காலியில் வைத்தாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பினாள்.

"என்னடி வேடிக்கை பார்க்கறீங்க? அடுத்த சட்டையை அனுப்புங்க. எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கறது?"