பெட்டிக்கு அடியில் ஒரு ஊர்

நாட்டின் புதிய சுவர் வரைபடம் நாலு மணிக்கு அச்சகம் போக வேண்டும். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. வரைபடம் வரைந்தவள் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். குறியீடுகளை விளக்கும் பெட்டியை எப்போதும் பாலைவனத்தின் மேல்தான் வைப்பார்கள். காலி இடமாம். நாட்டின் மேற்கே ஒரு பெட்டி இருக்கிறது என்று படித்தே பல தலைமுறைப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். இந்த முறை பெட்டிக்கு அடியில் போனது அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். வரைபடத்தில் இருக்கும் ஊருக்கு மட்டும்தான் இனிமேல் குடிநீர் லாரி போகும் என்று உத்தரவு வேறு.

போன் அடித்தது.

"என்னடி, நாங்க இருக்கோமா, இல்லையா?"

"பொறுக்கா, பாக்குறேன்."

"நீ பாக்குறதுக்குள்ள நாக்கு வறண்டுடும்."

இயக்குநர் தம் அறையில், நாளை அமைச்சர் இந்த வரைபடத்தைத் தொட்டுக் காட்டிப் பேசவேண்டிய உரையைத் தாமே முழங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாலைவனமே நம் தேசத்தின் ஆன்மா!" கோப்புத் தூசிக்கே தும்முகிறவர்.

"சார், பெட்டியக் கடலுக்கு நகர்த்தணும்."

"கடல்ல என் படம் இருக்கேம்மா."

இருந்தது. ஒரு தீவின் அளவுக்குச் சிரித்துக்கொண்டு.

"பெட்டிக்கு அடியில முந்நூறு வீடு இருக்கு சார். எங்க அக்காவும் இருக்கா."

"உங்க அக்காவுக்காக தேசத்தையே நகர்த்தச் சொல்றியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆன்மான்னு சொல்லும்போது அமைச்சர் விரல எங்க வைப்பாரு சார்?"

இயக்குநர் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படியிடம் போய் ஒத்திகை பார்த்தார். விரல் பெட்டியின் மூன்றாவது வரியில் விழுந்தது: கழிவுநீர்ப் பண்ணை. சுட்டதுபோல விரலை எடுத்தார்.

பெட்டி கடலுக்குப் போனது. சிரிப்பு தபால்தலை அளவுக்குச் சுருங்கியது.

"இப்ப மேற்கே வெறிச்சோடிக் கிடக்கே. பெரிசா ஒரு ஒட்டகம் போடு."

"அங்க ஒட்டகமே கிடையாது சார்."

"ஜனங்க மனசுல இருக்கும்மா!"

நாலாக ஐந்து நிமிடம். அவள் ஒட்டகத்தை நிற்க வைத்து வரைந்தாள், ஊரின் புள்ளி மேல் ஒரு முடிகூடப் படாமல்.

"அக்கா, இருக்கீங்க. ஒட்டகத்தோட நாலு காலுக்கு நடுவுல."

"ஒட்டகமா? இங்க ஆடே நிக்க மாட்டேங்குது!" அக்கா சற்று யோசித்தாள். "ஏண்டி, அது உக்காந்துடாதே?"

போனை வைத்தவள், அச்சக ஆள் சுருட்டிக்கொண்டிருந்த தாளைப் பிடுங்கி, மறுபடியும் பிரித்துப் பார்த்தாள்.