நாற்பது நொடிப் பாட்டு

1

இந்தக் கதை என்னுடையதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் இசை நாடகக் குழு, நடிகர்களின் உச்சரிப்பைத் திருத்துவதற்காக என்னை மூன்று வாரம் அமர்த்தியிருந்தது. கடைசி நாள் மதியம், அரங்கின் பின்வாசல் படிக்கட்டில் அமர்ந்து, திறக்காத சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குழுவின் இயக்குநர் என்னிடம் சொன்னவை இவை.

“எழுதுறதுன்னா எழுதிக்கோங்க சார். முடிவை மட்டும் நீங்களா போட்டுடாதீங்க” என்றார் அந்த அம்மையார்.

அந்த ஒரு நிபந்தனைதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு கரடி வீடு மாற்றப் புறப்பட்டது. கட்டிலையும் பானையையும் உருட்டும் ஓசை காடு முழுதும் கேட்குமே என்று வெட்கப்பட்டு, ஒரு குருவியைப் பாடச் சொன்னது. காடு பாட்டில் மயங்கிக் கரடியை மறந்தது. பிறகொரு நாள் கரடி ஓசையின்றி நடக்கக் கற்றுக்கொண்டது. அப்போது அது குருவியிடம் போய்—

நிறுத்திவிட்டேன். கதைகளில் வரும் பிராணிகளுக்கு முழங்கால் வலிப்பதில்லை. இயக்குநரின் முப்பத்தோராண்டுக் களைப்புக்குக் கரடியிடம் நான் எங்கே போவது?

3

இயக்குநருக்கு ஐம்பத்தெட்டு வயது. பியானோ வாசிப்பவருக்குத் தாள் புரட்டும் வேலையில் சேர்ந்து, நொடிகளை எண்ணக் கற்றவர். ஒரு நடிகை உடை மாற்ற இருபத்தைந்து நொடி. ஒரு மேசையை அப்புறப்படுத்தப் பதினைந்து. அந்த நொடிகளையெல்லாம் பாட்டால் நிரப்பத் தெரிந்தவர் என்றுதான் அவர் பெயரெடுத்தார். கைதட்டுகிறவர்கள் நினைப்பதுபோல, பாட்டு வருமிடமெல்லாம் உணர்ச்சி பெருகுமிடமன்று. யாரோ பின்னால் பித்தான் மாட்டுமிடம்.

அவருக்குப் பேரும் புகழும் தந்த நாடகத்தில் ஒரு பெரிய மரப்படிக்கட்டு உண்டு. இரண்டாம் அங்கத்துக்கு முன் அதை ஆறு பேர் சேர்ந்து மேடையின் மறுபுறத்துக்குத் தள்ள வேண்டும். நாற்பது நொடி. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், அந்த நாற்பது நொடிக்காக எட்டு வரி எழுதி, மூடிய திரைக்கு முன்னால் தம் அக்காவை நிறுத்திப் பாட வைத்தார். கணவரைப் பறிகொடுத்து, யாரோடும் பேச்சின்றி அக்கா முடங்கிக் கிடந்த காலம் அது.

“உனக்காகத்தான் எழுதினேன்க்கா” என்றார்.

(இவ்விடத்தில் ‘இது ஒரு சிறிய பொய்’ என்று எழுதியிருந்தேன். பிறகு ‘சிறிய’ என்பதை அடித்துவிட்டேன்.)

நாடகத்திலேயே அதிகம் நேசிக்கப்பட்ட பாட்டு அதுவாயிற்று. அக்காவுக்கு அந்நாடகத்தில் வேறு வேலை கிடையாது.

4

இப்போது புதிய அரங்கு. புதிய படிக்கட்டின் அடியில் மோட்டார். ஓசையே இன்றி ஆறு நொடியில் மறுபுறம் போய் நிற்கிறது. நாடகத்தைச் சுருக்க வழி தேடிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் அந்தக் கடைசி நாள் காலை அதைப் பார்த்ததும் மலர்ந்துபோனார்.

“படிதான் தானா நகருதேம்மா, அப்புறம் பாட்டு எதுக்கு? தூக்கிடலாம். நாலு மணி ஒத்திகைக்கு முன்னாடி முடிவச் சொல்லிடுங்க.”

இயக்குநர் நேரே மோட்டார் இயக்குபவரிடம் போனார்.

“இதைக் கொஞ்சம் மெதுவா விட முடியாதாப்பா? ஒரு நாப்பது செகண்ட்?”

“எல்லாரும் வேகமா போகுமான்னுதான் கேப்பாங்க மேடம். மெதுவா போகுமான்னு கேட்ட மொத ஆள் நீங்கதான்.”

“முடியுமா, முடியாதா?”

“முடியாது மேடம். எங்க மாமனார் மாதிரி. ஒரே வேகம்தான்.”

5

என் முதல் வரைவில் அக்கா ஒரு பேதை. உண்மை தெரிந்ததும் கண்ணீர் விட்டு, ஒப்பனையை அழித்து— அந்தப் பக்கத்தைக் கிழித்தாயிற்று. அவ்வளவு எளிதாக எழுத்தில் வந்துவிட்ட அக்காவை எப்படி நம்புவது?

நடந்தது இது. அன்று காலை ஒத்திகையில் அக்கா நான்கு வரி பாடினார், நின்றுவிட்டார். பத்தொன்பது ஆண்டில் ஒரு முறையும் நின்றதில்லை. பியானோக்காரர் இடையிசையை மூன்று தடவை சுற்றி வந்து பார்த்தார். பயனில்லை. வயதாகிவிட்டது என்று எல்லோரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். இயக்குநர் ஒப்பனை அறைக்குள் நுழைந்தார்.

“என்னக்கா, வரி மறந்துடுச்சா?”

“வரி எங்கடி மறக்குது? சத்தத்தைக் காணோம்.”

“எந்தச் சத்தம்?”

“படி உருளுற சத்தம். நாலாவது வரி முடியும்போது ஒரு சக்கரம் கீச்சுன்னு கத்தும். அதைப் பிடிச்சுக்கிட்டுதான் அஞ்சாவது வரிக்கு ஏறுவேன். இன்னிக்கு நின்னு நின்னு பாக்குறேன், கீச்சையே காணோம்.”

“அப்ப... உனக்குத் தெரியுமா?”

“முதுகுக்குப் பின்னால ஆறு பேர் மூச்சு வாங்கிக்கிட்டுத் தள்ளுறாங்க, தெரியாம இருக்குமா? எனக்காக எழுதினாளாம், எனக்காக! போடி, போய்ச் சாப்பிடு.”

அவர் கதவருகே போனதும் அக்கா மீண்டும் அழைத்தார்.

“தயாரிப்பாளர் சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. வெட்டுறதுன்னா வெட்டு. ஆளனுப்பிச் சொல்லாத. நீயே வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

6

நான் வரைந்து பார்த்த முடிவுகள்:

(அ) பாட்டு வெட்டப்படுகிறது. யாரும் கவனிக்கவில்லை. இதுவே நடக்கக்கூடியது, ஆகவே எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) திரைக்குப் பின்னால் ஒருவர், சக்கரம் கீச்சிடும் காலி வண்டியை நாற்பது நொடி தள்ளுகிறார். அக்கா பாடுகிறார். இதை அப்போதே ஆசையோடு இயக்குநரிடம் சொன்னேன். சிரித்தார், அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

“படிய மறைக்கப் பாட்டு போட்டேன். இப்ப பாட்டுக்காகப் பொய்ச் சக்கரமா சார்?”

(இ) அக்காவே முன்வந்து பாட்டை விட்டுக்கொடுத்து—

இல்லை. அந்தச் சுமையை அவர் தலையில் கட்டுவது நியாயமன்று.

“முப்பத்தோரு வருஷமா எதையாவது மறைச்சுக்கிட்டே இருந்திருக்கேன் சார்” என்றார் இயக்குநர். “இப்பதான் மறைக்க ஒண்ணும் இல்ல. அதுக்கும் ஒரு பாட்டு வேணுமான்னு தெரியல. அசதியா இருக்கு.”

7

நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், டப்பாவைத் திறக்காமலே படியில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார். எதிரே நீண்ட நடைவழி. அதன் கோடியில் இடப்பக்கம் அக்காவின் அறை. வெட்டுவதென்றால் அங்கே போய்ச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் தயாரிப்பாளரின் அறை. பாட்டு இருக்கும் என்பதை அங்கே சொல்ல வேண்டும். அவருடைய நடைக்கு அது நாற்பது நொடித் தொலைவு.

பாதி வழியில் இருந்தார். இடப்பக்க அறையிலிருந்து அக்கா தனக்குத்தானே பாடிப் பார்ப்பது கேட்டது. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. வாக்குக் கொடுத்தவன் ஆகையால் நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். இனி எண்ண வேண்டியவர் நீங்கள்.

நான்காவது வரி முடிந்துவிட்டது.