மூலினோ நாற்சந்தியில் வந்த பஸ்

ஒர்தென்சியா தனியாக ஊர் சுற்றப் போகிறாள் என்று தெரிந்த அன்று, என் பாரில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் ஆட்டத்தையே நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் மலைக் கிராமம் ரோக்காமோராவை விட்டு அவள் போன அதிகபட்ச தூரம் அன்கோனா ஆஸ்பத்திரிதான். அதுவும் அக்கா இரிதேயின் முழங்கால் ஆபரேஷனுக்குத் துணையாகப் போனது.

"தனியாவா?" என்றார் செத்திமியோ வாத்தியார். "தும்மறதுக்குக் கூட அக்காகிட்ட உத்தரவு வாங்கறவளாச்சே நீ. ரயில்ல யாரும்மா உத்தரவு குடுப்பா?"

"ரயில்ல தும்ம மாட்டேன் வாத்தியாரே," என்றாள் ஒர்தென்சியா. அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்கு ஒரு காபி இலவசமாகக் கொடுத்தேன்.

அவள் ஆசை சுண்டைக்காய் அளவு. மலைக்கு அந்தப் பக்கம் தோஸ்கானா மாகாணத்தில் நாலைந்து சின்ன ஊர்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் போக வேண்டும், ஒரு நாளைக்கு ஓர் ஊர், அவசரமே கூடாது. "சதுக்கத்துல ஒரு நாற்காலியில உக்காரணும், நசரேனா. யாராவது எனக்குக் கொண்டுவந்து வைக்கணும். சாப்பிட்டுட்டு, தட்ட அப்படியே விட்டுட்டு எழுந்து போகணும்." அக்காவுக்குச் சமைத்து, துவைத்து, காலையில் அக்காவின் காலுறையில் அக்காவின் காலை நுழைத்துவிட்டே வயதைக் கழித்தவள் கேட்டது இவ்வளவுதான்.

அந்த இரிதே கீழே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ரிட்டையர் ஆனவள். இன்றைக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளாகத்தான் பேசுவாள். எதிரில் நிற்பவன் முட்டாள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வாயையே திறப்பாள்.

"இவளா?" என்றாள் முதல் நாள். "சமையல்கட்டுல உப்பு டப்பாவத் தேடி வழி தவறிப் போறவ. இவ ரயில் மாறி, பஸ் மாறி... நல்ல கூத்து!"

ஒரு வாரம் இப்படித் தாளித்தாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று குரல் மாறிவிட்டது. "சரி, போகணும்னு முடிவு பண்ணிட்டே. ஒழுங்காப் போ. நான் போட்டுத் தரேன் திட்டம்," என்று சொல்லி, கால அட்டவணைகளைக் கொண்டுவந்து என் ஜன்னலோர மேஜையில் பரப்பினாள். ஒர்தென்சியாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரிதே சும்மா நல்லவளாகிற ஜாதி இல்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அந்த மேஜையில் பரீட்சை நடந்தது.

"ஃபோலிஞ்ஞோவுல இறங்கறே. தெரோந்தோலா போற வண்டிக்கு மாறணும். தப்பான வண்டியில ஏறினா என்ன ஆகும்?"

"ரோம் போயிடுவேன்."

"ரோம் போயிட்டா?"

"போப்பப் பாத்துட்டு வருவேன்."

கிழவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். இரிதே சிரிக்கவில்லை. "ஏறறதுக்கு முன்னாடி டிக்கெட்ட ஸ்டேஷன் மெஷின்ல குத்த மறந்துட்டு, செக்கர்கிட்ட நின்னு அழப் போறே. அப்ப சிரி," என்றாள்.

ஒர்தென்சியா என்னிடம் வந்து காதோடு சொன்னாள்: "பாரேன், எனக்காக எவ்ளோ மெனக்கெடறா. நான்தான் அவள என்னமோன்னு நினைச்சுட்டேன்."

அடுத்த நாள் இரிதேக்குக் காபி கொண்டுபோனேன். கொஞ்சம் சோம்புச் சாராயம் விட்ட காபிதான் அவளுக்கு வேண்டும். ஒர்தென்சியா ரொட்டி வாங்கப் போயிருந்தாள். முதல் நாள் பயணத்துக்கான அட்டவணை மேஜைமேல் விரிந்து கிடந்தது. அரெஸ்ஸோ வரை ரயில், அங்கிருந்து ஒரு பஸ்ஸில் மூலினோ நாற்சந்தி, நாற்சந்தியிலிருந்து மத்தியான பஸ்ஸில் அங்கியாரி. அந்த மத்தியான பஸ்ஸின் நேரத்துக்கு மேலே இரிதேயின் கட்டை விரல் உட்கார்ந்திருந்தது. கோப்பையை வாங்க அவள் கையை எடுத்தபோது, நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எழுத்து தெரிந்தது. பஸ் டிக்கெட் விற்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? அந்த எழுத்து இருந்தால் அது பள்ளிப் பிள்ளைகளுக்கான பஸ். பள்ளி மூடினால் அதுவும் படுத்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற சனிக்கிழமையோடு பள்ளி முடிந்து கோடை விடுமுறை. இரிதே தங்கைக்குக் குறித்துக் கொடுத்திருப்பதோ அதற்கடுத்த திங்கட்கிழமை.

"இது ஸ்கூல் பஸ் இல்ல?" என்றேன்.

"ஆமா."

"திங்கட்கிழமை ஸ்கூல் ஏது?"

"ஏது?" என்றாள், சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. தெரிந்துபோயிற்றே என்று குரலைக் கூடத் தாழ்த்தவில்லை.

"அந்த நாற்சந்தியில ஒரு மரம் கிடையாது, ஒரு கடை கிடையாது. அங்கியாரிக்கு அன்னிக்கு வேற பஸ்ஸும் கிடையாது. வெயில்ல பெட்டி மேல உக்காந்து ஒரு பாட்டம் அழுவா. அப்புறம் எனக்குப் போன் பண்ணுவா. வாத்தியார் கார்ல போய் அள்ளிட்டு வந்துடுவோம். அதோட இந்தக் கிறுக்கு தெளிஞ்சுடும்."

"நீ மனுஷிதானா?"

"என் கால்ல உறை மாட்ட நீ வருவியா காலைல? வர மாட்டே இல்ல? அப்ப வாய மூடு," என்றாள். பிறகு சிரித்தாள். "வேணும்னா அவகிட்ட போய்ச் சொல்லு. ஊருக்கே வம்பு சப்ளை பண்றவ நீ. உன் பேச்ச எவ நம்புவா?"

கிளம்பும் வரை ஒர்தென்சியாவைத் தனியாக விடவே இல்லை அவள். சர்ச்சிலும் பக்கத்தில், சந்தையிலும் பக்கத்தில். திங்கட்கிழமை விடிகாலையில்தான் ஆள் தனியாகக் கிடைத்தாள். என் கடை வாசல்தான் பஸ் ஸ்டாப். அந்த நேரத்தில் முழங்கால் விறைப்போடு இரிதேயால் மாடிப்படி இறங்க முடியாது. ஒர்தென்சியா புது நீலப் பெட்டியோடு நின்றிருந்தாள். உதட்டில் சாயம் பூசியிருந்தாள், கோணலாக. அவளை உதட்டுச் சாயத்தோடு நான் பார்த்ததே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் முகம் சுருங்கியது. "அப்ப அந்த பஸ் வராதுங்கறே?"

"வராது. நாற்சந்திக்கே போகாத. அரெஸ்ஸோவுலயே இரு இன்னிக்கு. நல்ல ஊர், நல்ல சதுக்கம். நாளைக்கு வேற பஸ்ல..."

"இல்ல, நசரேனா." அவள் குரலில் நடுக்கம் இல்லை. "அவ சொன்ன இடத்துலயே போய் நிக்கறேன். பஸ் வரலைன்னா அவ யாருன்னு தெரிஞ்சுடும். அப்புறம் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். பெட்டிதான் கையில இருக்கே, எங்க வேணா போய்ப் பொழைச்சுக்குவேன்."

"ஒருவேளை வந்துட்டா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"வந்துட்டா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

பஸ் கிளம்பியதும் நான் பாட்டுப் பாடாத குறைதான். பள்ளி இல்லாத நாளில் பள்ளி பஸ் எங்கே வரும்? இரிதே தன் கையாலேயே தங்கையின் விலங்கைக் கழற்றிவிட்டாள், அது அவளுக்கே தெரியாது. ஒர்தென்சியா வெயிலில் கொஞ்சம் காயட்டும், அதற்கு அப்புறம் ஆயுசு முழுக்க அவள் ராஜாத்தி.

மத்தியானம் இரிதே நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காது மந்தமானதால் அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். "வாத்தியாரே, கார்ல பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டாள். "எதுக்கு?" என்றார் வாத்தியார். "சும்மாதான் கேட்டேன்," என்றாள். எனக்கும் இரிதேக்கும் ஆயுசில் ஒத்துப்போனதே கிடையாது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றுக்காகவே காத்திருந்தோம். அந்த பஸ் வரக் கூடாது.

போன் அடித்தது. எடுத்ததும் ஒரே கூச்சல். சின்னப் பிள்ளைகளின் கத்தல்.

"அக்கா! பஸ் வந்துடுச்சு அக்கா!"

இரிதேயின் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. என் கையிலிருந்த தட்டும்தான்.

"பஸ் பூரா புள்ளைங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி பலூன் எறிஞ்சு விளையாடுதுங்க. என் தலையெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. நாளைக்குத்தான் அதுங்களுக்குக் கடைசி நாளாம்."

செத்திமியோ வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, தோஸ்கானாவாச்சே அது! ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு தேதி. நம்மளுக்குச் சனிக்கிழமை மூடினா, அவங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான்."

எங்கள் ஊர்ப் பள்ளி மணி நின்றால் இத்தாலி முழுக்க மணி நின்றுவிட்டது என்றுதான் இங்கே எல்லோருக்கும் நினைப்பு. ஆயுசெல்லாம் டிக்கெட் கொடுத்த இரிதேக்கும் அதே நினைப்பு, டிக்கெட் விற்கிற எனக்கும் அதே நினைப்பு. நான் போனைப் பிடுங்காத குறையாகக் கத்தினேன்: "ஒர்தென்சியா, கேளு! அங்க இன்னும் ஸ்கூல் மூடல, அதனாலதான் வந்துருக்கு. மூடிட்டாங்கன்னு நினைச்சுத்தான் உன் அக்கா..."

"போதும் நசரேனா!" பிள்ளைகளின் சத்தத்தைத் தாண்டி அவள் குரல் வந்தது. கடையில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "எல்லாரும் கேட்டுக்கட்டும். கிளம்பற நேரத்துல, என் கூடப் பொறந்தவளப் பத்தி என் காதுல விஷத்த ஊத்தினா இவ. நானும் நம்பினேன். ரயில் பூரா நம்பினேன். அக்கா, அந்த நாற்சந்தியில நின்னு உன்ன என்னெல்லாம் நினைச்சேன் தெரியுமா? நீ செத்தாக்கூட வர மாட்டேன்னு நினைச்சேன் அக்கா..." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

இரிதே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஓடிப்போன கோழி தானாகக் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவள் மாதிரி இருந்தாள்.

"அழாதடி," என்றாள் போனில், அவ்வளவு மெதுவாக. "நீ ஒண்ணும் தப்பா நினைக்கல. சந்தோஷமா சுத்திப் பாத்துட்டு வா."

"இல்லக்கா, நாளைக்கே வந்துடறேன். எனக்கு மனசு வரல."

"எதுக்கு? இருந்துட்டு வா. என் முட்டிய நான் எப்படியோ பாத்துக்கறேன். இன்னிக்குக் காலைல உறை போட முடியல, வெறுங்காலோட செருப்பு போட்டுட்டு வந்தேன். அதனால என்ன, வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

அவள் கால் மேஜைக்கு அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சாம்பல் நிற உறை, முட்டி வரை சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டிருந்தது.

போனை வைத்த பிறகு வாத்தியாரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தேதி விஷயத்த நீங்க சொன்னா நம்புவா."

"குடும்ப விஷயம், நசரேனா," என்றார் அவர், சீட்டை விசிறி மாதிரி விரித்துக்கொண்டே. நேற்றுவரை அந்தக் குடும்பத்தைச் சொல்லிச் சிரித்துப் பொழுது போக்கின மனுஷன். நானே ஒர்தென்சியாவுக்குப் போன் பண்ணினேன், நாலைந்து தடவை. அவள் எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸில் இறங்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் மேட்டில் ஏறிப் போனாள்.

மறுநாள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். இரிதேதான் இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். "விடுடி, பாவம், அவ வாய் அப்படி. நம்ம நசரேனாதானே," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, ஜன்னலோர மேஜையில் போய் உட்கார்ந்தாள். ஒர்தென்சியா காபி வாங்க என்னிடம் வந்தாள். உதட்டில் சாயம் இல்லை.

"தனியா போனா மனசு கண்டபடி போகுது," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "இனிமே எங்க போனாலும் அக்காவோடதான்."

எனக்கு ஆயிரம் வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஒன்றைச் சொன்னாலும் இரிதேக்குத்தான் அது லாபமாகும். அதனால் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"அங்கியாரி எப்படி இருந்துச்சு?"

அவள் கோப்பைகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பாக்கல," என்றாள். "ரூமுக்குள்ளயே உக்காந்து அழுதுட்டிருந்தேன். விடிஞ்சதும் முதல் பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன்."